பதினேழாவது வரிசை

நிலையக் குடியிருப்பு
6 மே 1984

அன்பு அக்கா,

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய், அசென் அத்தானின் இருமல் குறைந்ததா என்று எழுது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கோபத்தில் இருக்கிறேன். எங்கள் விதை ஆராய்ச்சி நிலையத்து இயக்குநர் நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஆறு வருஷமா பீன்ஸ் பூவுக்குக் கல்யாணம் பண்ணி வச்சுக்கிட்டே இருக்கீங்க, நெவேனா. குழந்தை எப்போ?" என்று கேட்டார். அறையில் இருந்த நாலு ஆண்களும் சிரித்தார்கள். இந்த ஆண்டும் ஒன்றும் தேறாவிட்டால் என் வேலையை மூடிவிடுவாராம். தக்காளிக்கு ஆள் போதவில்லையாம்.

இரண்டு வருடம் முன்பு ஆலங்கட்டி மழை பெய்து, பத்தே நாளில் ஆற்றோரத்து ஏழு வீட்டுப் பீன்ஸும் இலை ஓரம் தீய்ந்து போனதே, அந்தக் கருகலை எதிர்க்கும் ரத்தம் நம்மூர் பீன்ஸுக்குக் கிடையாது. கடல் கடந்து வந்த ஒரு சின்னப் பழுப்பு பீன்ஸுக்கு உண்டு. ஆனால் அது வேகாது, வெந்தாலும் கசக்கும். இரண்டையும் கலந்து, பிறந்த பிள்ளைகளை மறுபடி மறுபடி நம்மூர் பீன்ஸோடு கலந்து, இப்போது நாற்பது குடும்பங்கள் என் கையில் இருக்கின்றன. எந்தக் குடும்பம் நம் ருசியையும் அந்தப் பழுப்பனின் பலத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறது என்பது நோய் வந்தால்தான் தெரியும். சமவெளி வெயிலில் நோய் சரியாகப் பிடிக்காது. உங்கள் மலை ஈரம் வேண்டும்.

ஆகையால் உன் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஆற்றோரத் துண்டு எனக்கு வேண்டும். நாற்பது பொட்டலம் அனுப்புகிறேன், பொட்டலத்துக்கு ஒரு வரிசை. நாலு வரிசைக்கு ஒருமுறை நடுவில் நோய்பட்ட பழைய விதையைப் போடு, நோய் பரவட்டும். ஜூலையில் நானே வந்து கிருமி நீர் தெளிப்பேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: மயில்துத்தம், சுண்ணாம்பு, எந்த மருந்தும் ஒரு சொட்டுப் படக்கூடாது. சாகிறது சாகட்டும்.

உன் தங்கை,
நெவேனா


கோர்னா ரெக்கா
3 ஜூன் 1984

நெவேனா,

உன் உத்தரவு கிடைத்தது. நலம் விசாரிப்பு இரண்டு வரி, கட்டளை இரண்டு பக்கம். நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம். அசென் இருமுகிறார், இருமல் நின்றதும் புகைக்கிறார், பிறகு இருமுகிறார்.

விதைத்துவிட்டேன். நல்ல மண்ணில் நோய் விதையை என் கையாலேயே போட்டேன். பக்கத்து வீட்டு பரஸ்கெவா வேலிமேல் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். புருஷன் போன பிறகு அவளுக்கு அந்த வேலிதான் வேலை. "ஏண்டி ருஜா, ஊர்ல எல்லாரும் நோயை விரட்டுவாங்க. உன் தங்கச்சி பஸ்ஸுல ஏத்தி அனுப்புறாளா?" என்றாள். "ஜூலையில வருவா, அவகிட்டயே கேளு. அவ சொல்ற பதில் உனக்குப் புரியாது, அதான் நல்லது" என்றேன்.

ஒரு சங்கதி. பதினாறு, பதினேழு, பதினெட்டு, இந்த மூன்று பொட்டலத்து விதை மட்டும் நம் பீன்ஸே மறுபடி பிறந்தது மாதிரி இருந்தது. அதே பருமன், அதே கத்தரிப்பூக் கோடு. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மீதியெல்லாம் உன் கடல்கடந்த மாப்பிள்ளையின் மூஞ்சி. அந்த மூன்றும் ஜெயிக்கட்டும் என்று மண்ணைத் தள்ளி மூடினேன்.

உன் இயக்குநரை ஒரு நாள் இங்கே அனுப்பு. குழந்தை எப்போது என்று நான் அவருக்குச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ருஜா


நிலையக் குடியிருப்பு
30 ஆகஸ்ட் 1984

என் தங்க அக்கா,

நலமா என்று கேட்கவே தோன்றவில்லை, எல்லோரும் நலமாக இருந்தே தீர வேண்டும் என்று இருக்கிறது!

போன வாரம் உன் தோட்டத்தில் நான் குதித்ததைப் பார்த்து அத்தான் பயந்துவிட்டார். நீயே பார்த்தாயே. ஜூலையில் ஒரு செடி விடாமல் என் கையால் கிருமி நீர் தெளித்தேன். காலைப் பேருந்தில் நான் கிளம்பும்போது எல்லா இலையும் நனைந்து கிடந்தது. இப்போது வந்து பார்த்தால் சுற்றிலும் கருகிச் சுருண்டு கிடக்க, நடுவில் பதினாறும் பதினேழும் பதினெட்டும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஆகவே மூன்றும் தப்பியதில் ஆச்சரியம் இல்லை. அதிலும் பதினேழில் ஒரு புள்ளி இல்லை. நம் கோடு, நம் பருமன், அதோடு அந்த பலம்.

இயக்குநர் கையைக் குலுக்கினார். அன்று சிரித்த நால்வரில் இரண்டு பேர் இப்போது எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வருகிறது. பரவாயில்லை, இது சுகமான ஆத்திரம்.

மற்ற குடும்பங்களின் விதையையும் நம்மூர்ப் பழைய விதை இருப்பையும் கிடங்கிலிருந்து காலி செய்யச் சொன்னார். பன்றிகளுக்குக் கொட்டிவிட்டேன். ஆறு வருடம் அவற்றுக்குப் பொட்டலம் எழுதிய கை இது.

முத்தங்களுடன்,
நெவேனா


கோர்னா ரெக்கா
21 அக்டோபர் 1984

அன்புள்ள நெவேனா,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

மிளகாய் வறுத்து ஜாடிகளில் அடைத்தாயிற்று. ஆடு ஒன்று வேலியில் மாட்டிக் காலை முறித்துக்கொண்டது. பரஸ்கெவாவின் மகன் பட்டாளத்திலிருந்து திரும்பிவிட்டான். வேறென்ன எழுத.

பதினேழை இன்னும் ஒரு வருடம் வேறு எங்கேயாவது விதைத்துப் பார்த்தால் என்ன? இவ்வளவு பொறுத்தாய், இன்னொரு கோடை பொறுக்க முடியாதா? இப்படி எழுதச் சொன்னது அசென். "எழுதுடி, எழுதுடி" என்று ஒரு வாரமாய்த் தொந்தரவு. எழுதிவிட்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்புகிறேன்.

ருஜா


நிலையக் குடியிருப்பு
17 பிப்ரவரி 1985

அன்பு அக்கா,

காலுறை கிடைத்தது, கதகதப்பாக இருக்கிறது, நன்றி. அத்தானுக்கு நெஞ்சுச் சளி என்று மாமி மகள் சொன்னாள், கவனி.

இன்னொரு வருடம் பார் என்று எழுதியிருந்தாய். எனக்கு என் வேலையைச் சொல்லித்தர நிலையத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள், அக்கா. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நானும் அதையேதான் இயக்குநரிடம் கேட்டேன். போர் வெற்றியின் நாற்பதாம் ஆண்டு விழாக் கணக்கில் புது ரகம் ஒன்று காட்ட வேண்டும் என்று முடியாது என்றுவிட்டார். நானும் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு ஒருவர் கையைக் குலுக்கினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

குளிர்காலம் முழுக்கக் கண்ணாடி வீட்டில் பதினேழைப் பெருக்கினோம். பெயர் 'வெற்றி நாற்பது'. அவர் வைத்தது, என்னைத் திட்டாதே. முதல் விதைப்பு ஆற்றோரத்து ஏழு வீடுகளுக்கு. உங்கள் ஊர்க் கூட்டுப்பண்ணைத் தலைவர் மிதேவ் ஏப்ரலில் புது விதை கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டு போவார். கருகலின் கிருமி பழைய விதைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒரு விதைகூட வீட்டில் இருக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன்,
நெவேனா


நிலையக் குடியிருப்பு
28 ஏப்ரல் 1985

அக்கா,

பத்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ படுத்துவிட்டாயோ என்று பயந்து மிதேவுக்குத் தொலைபேசினேன். "நல்லாத்தான் இருக்கா. விதை வாங்க வந்தப்போ மட்டும் வாயத் தொறக்கல" என்றார்.

ஊரே என்னை மதிக்கும் இந்த ஒரு வருடத்தில் என் அக்காவுக்கு என்மேல் என்ன கோபம்? பொறாமை என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

நெவேனா


கோர்னா ரெக்கா
24 ஜூலை 1985

நெவேனா,

நலமா என்று கேட்காதே. இங்கே யாரும் நலமாக இல்லை.

ஒன்பதாம் தேதி ஆலங்கட்டி விழுந்தது. எட்டே நாளில் இலை ஓரம் மஞ்சளாகி, பிறகு தீய்ந்தது. இருபதாம் தேதி எலியாஸ் திருநாள். அன்று வயலில் கால் வைத்தால் இடியின் புனிதர் மறுபடி ஆலங்கட்டி அனுப்புவார் என்று ஒருவரும் இறங்கவில்லை. ஏழு வீட்டாரும் ஜன்னல் வழியாகத் தங்கள் பீன்ஸ் எரிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உன் வெற்றி ஏழு வீட்டிலும் செத்துப்போனது. பழைய விதையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். வரும் குளிர்காலத்துக்குப் பானையில் போட ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் மண்ணில் போடவும் இல்லை.

பரஸ்கெவா ஒரு கூடை கருகிய இலையைக் கொண்டுவந்து என் வாசற்படியில் கொட்டினாள். "இந்தா, உன் தங்கச்சியோட வெற்றி. சூப் வை, எல்லாரும் வர்றோம்" என்றாள். கூடையைக் கவிழ்த்துத் தட்டி, கடைசி இலை வரை கொட்டிவிட்டுப் போனாள். அசென் மதுக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். போனால் பேச்சு நின்றுவிடுகிறதாம்.

நீ படித்தவள். கண்ணாடி போட்டு, நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தவள். எப்படிக் கோட்டை விட்டாய்? சுற்றிலும் எல்லாம் சாகும்போது மூன்று வரிசை மட்டும் ஏன் பச்சையாய் நிற்கிறது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏன் கேட்கவில்லை?

ருஜா


நிலையக் குடியிருப்பு
9 ஆகஸ்ட் 1985

அக்கா,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் பத்து முறை படித்தேன்.

கண்ணாடி வீட்டில் பதினேழின் செடிகள் கொஞ்சம் பாக்கி நின்றன. மூடி ஈரமாக்கி அவற்றுக்குக் கிருமி கொடுத்தேன், போன குளிர்காலமே செய்திருக்க வேண்டியது. பத்து நாளில் மற்ற எதையும் போலவே செத்தது. அதற்குள் ஒரு பலமும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. அப்படியானால் போன வருடம் எப்படி நின்றது?

ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஓர் இலையை நோட்டில் அழுத்தி வைப்பது என் வழக்கம். பதினேழின் இலையை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். காம்பு சேரும் மடிப்பில் பொடிப் பொடியாய் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அம்மோனியா நீர் ஒரு துளி விட்டேன். நீலம் பொங்கி வந்தது. மயில்துத்தம், அக்கா! பதினாறிலும் அதே. பதினெட்டிலும் அதே. மற்ற முப்பத்தேழு இலையில் ஒன்றிலும் இல்லை.

இயக்குநர் என்னிடம் ஒரு தாளை நீட்டி, ஊர்க்காரர்கள் சரியாகப் பயிர் செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போடவில்லை. இப்போது எனக்கு ஒரே ஒரு பெயர் வேண்டும். தெளித்தது யார்? அத்தானா, பரஸ்கெவாவா?

நெவேனா


கோர்னா ரெக்கா
18 ஆகஸ்ட் 1985

நெவேனா,

நான்தான்.

உன் பேருந்து பாலத்தைத் தாண்டிய சத்தம் கேட்டதும் தெளித்தேன். உருளைக்கிழங்குக்குக் கலக்கிய மருந்து ஒரு குடம் மிச்சம் இருந்தது. மூன்று வரிசைக்குத்தான் போதும். எந்த மூன்று என்று யோசிக்கவே இல்லை. நம் பீன்ஸ் மாதிரி இருந்த மூன்று. மழை கழுவிய பிறகு இன்னும் இரண்டு தடவை. நீ கிளம்புவதற்கு முதல்நாள் என் சமையற்கட்டில் உட்கார்ந்து, "இந்தத் தடவையும் ஒண்ணும் வரலைன்னா நான் முடிஞ்சேன், அக்கா" என்று மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாயே. அசிங்கமான பழுப்பு விதை ஒன்று ஜெயித்து, அதை நாங்கள் காலம் முழுக்கச் சாப்பிடவா என்றும் நினைத்தேன். நீ ஜெயிக்க வேண்டும், நம் பீன்ஸாலேயே ஜெயிக்க வேண்டும். அவ்வளவுதான் என் புத்தி. கொஞ்சம் உதவி செய்தால் செடி தேறிவிடும், தேறினால் அதன் பிள்ளைகளுக்கும் பலம் வரும் என்று நினைத்தேன். காய்ச்சலில் கிடந்து பிழைத்த பிள்ளை பிறகு திடமாக வளர்வதில்லையா?

இப்போது என் கோபத்தையும் கேள். ஆகஸ்டில் நீ வந்து குதித்தபோது, வெயிலில் இலை பளபளத்தபோது, நான் பக்கத்தில்தான் நின்றேன். "நல்லா இருக்கே, என்ன பண்ணினே அக்கா?" என்று நீ விளையாட்டாய்க் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தாய். அக்டோபரில் நாலு கடிதம் எழுதி அடுப்பில் போட்டேன். ஐந்தாவதைத்தான் நீ படித்தாய். நான் தெளித்தது அசெனுக்குத் தெரியும்; அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. "நீ வாயத் தொறக்காததால ஏழு வீடு பட்டினி கெடக்கப் போகுது" என்றார். விதை வாங்கிய அன்று மிதேவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் பரஸ்கெவா நின்றாள். மூடிக்கொண்டேன்.

திட்டு. எனக்கு அது வேண்டும்.

ருஜா


நிலையக் குடியிருப்பு
12 செப்டம்பர் 1985

ருஜா,

செடி கற்றுக்கொள்வதில்லை. பிழைத்த செடி பலத்தைச் சேர்த்து வைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. ரத்தத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆறு வருடம் உன் சமையற்கட்டில் உட்கார்ந்து இதைத்தானே சொன்னேன். நீ தட்டு கழுவிக்கொண்டிருந்தாய் போலும்.

நோட்டை மறுபடி முதலிலிருந்து படித்தேன். என் கையெழுத்தில் இருக்கிறது: "31: சில புள்ளிகள் மட்டும். சின்னப் பழுப்பு விதை. வேண்டாம்." அதுதான் உண்மையான பிள்ளை. ஒரு சொட்டு மருந்து இல்லாமல், நாலா பக்கமும் சாவு நிற்க, சில புள்ளிகளோடு நின்றிருக்கிறது. இன்னும் இரண்டு தடவை நம் பீன்ஸோடு கலந்திருந்தால் ருசியும் வந்திருக்கும். அதை நான் என் கையால் பன்றிக்குக் கொட்டினேன். நீ அழகைப் பார்த்துத் தெளித்தாய், நான் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். இதில் எது பெரிய முட்டாள்தனம் என்று இரவும் பகலும் நினைத்துப் பார்க்கிறேன்.

கடல்கடந்த விதை ஒரு கைப்பிடி என்னிடம் இருக்கிறது. நம்மூர்ப் பழைய விதை எங்கேயும் இல்லை. ஆகவே முதலிலிருந்து தொடங்கக்கூட வழியில்லை.

என்னைத் தக்காளி விதைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் கேட்காதே. கடிதமும் போடாதே.

நெவேனா


கோர்னா ரெக்கா
27 அக்டோபர் 1985

நெவேனா,

போடாதே என்றாய், போடுகிறேன். என் உடம்பு நன்றாக இருக்கிறது, உன் உடம்பைப் பற்றிக் கேட்கும் முகம் எனக்கு இல்லை.

போன வாரம் வட்டார வேளாண் அதிகாரி வந்தார். கூட்டுறவுக் கடையில் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்களிடம் நிலையத்து அறிக்கையைப் படித்துக் காட்டினார். "பயிரைப் பார்வையிட்ட ஆய்வாளர் நெவேனா, கவனக்குறைவால், தாமே அந்த மூன்று வரிசைகளில் மருந்து தெளித்துவிட்டதாக ஒப்புக்கொண்டுள்ளார்."

அடி பாவி! யார் உன்னைக் கேட்டது? இரண்டு பக்கம் என்னைத் திட்டி எழுதினாயே, அதில் ஒரு வார்த்தை இதைப் பற்றி உண்டா? 'நாசவேலை' என்று என் பெயரை எழுதிப் போலீஸ் அழைத்துப் போய்விடும் என்று பயந்தாய், அப்படித்தானே? ஆறு வருட வேலையை என் தலையைக் காப்பாற்றக் கொடுக்க நீ யார்? என் தப்பை எனக்கு விட்டுவைக்கக்கூட உனக்கு மனசில்லையா? அந்த நிமிடம் உன்மேல் வந்த கோபம் இந்த ஜென்மத்தில் யார்மேலும் வந்ததில்லை.

கத்திவிட்டேன். "அவ பொய் சொல்றா! தெளிச்சது நான். பஸ் போனதும் தெளிச்சேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை!" அதிகாரி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தனக்கு எதுவும் கேட்கவில்லை என்பதுபோல் வெளியே போய்விட்டார். வீட்டுக்கு வந்து இதையே எழுதி, கையெழுத்துப் போட்டு மிதேவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதை நான் பாக்கல, ருஜா. வீட்டுக்குப் போ" என்று திருப்பிக் கொடுத்தார். நானே தபால்தலை ஒட்டி உன் இயக்குநருக்குப் போட்டுவிட்டேன். வருவது வரட்டும். அசென் அன்றைக்குத்தான் ஒரு வருடம் கழித்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த நாள் ஆறு வீட்டுப் பெண்களும் என் வாசலுக்கு வந்தார்கள். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். பரஸ்கெவா மடியிலிருந்து ஒரு பழைய காலுறையை எடுத்தாள். முழங்கால் வரை பீன்ஸ், கத்தரிப்பூக் கோட்டோடு. "மிதேவ் கேட்டான்னு எல்லா விதையையும் தூக்கிக் குடுக்க நான் என்ன மடச்சியா? ரெண்டு கிலோ ஒளிச்சு வச்சேன்" என்றாள். பிறகு என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். "உன் தங்கச்சிக்கு எழுது. அவளோட கசப்பு பீன்ஸை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரட்டும். என் துண்டு நெலத்துல மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டும். ஏழு வருஷம் ஆனாலும் சரி. ஆனா நீ வேலிக்கு என் பக்கம் காலை வச்சே, நான் கொலைகாரி ஆயிடுவேன்."

ஆறு வீட்டு மயில்துத்தத்தையும் அவள் தன் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டாள். என்னுடையதையும் வாங்கிக்கொண்டாள். கருகினால் கருகட்டும், எதன்மேலும் ஒரு சொட்டு விழக்கூடாது என்று மற்றவர்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். என்னிடம் வாங்கவில்லை. நம்பமாட்டாளாம்.

ஆகவே விதையைக் கொண்டு வா. வந்தால் பரஸ்கெவா வீட்டில் தங்கு, கட்டில் போட்டுவைத்திருக்கிறாள். என் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்க வேண்டாம். உன் கோபம் இன்னும் ஆறியிருக்காது. எனக்கும் ஆறவில்லை.

ருஜா